தண்ணீர் வரும் என்று சொன்னவள்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். முப்பத்தோரு வருஷம் லஸ்கர் வேலை பார்த்தவனுக்குக் கோபம் வராமல் வேறு என்ன வரும்? லஸ்கர் என்றால் பெரிய உத்தியோகம் ஒன்றும் கிடையாது. ஆற்றிலிருந்து பிரியும் வாய்க்கால்களின் ஷட்டரைச் சாவி போட்டு ஏற்றி இறக்குகிற ஆள், அவ்வளவுதான். ஆனாலும் காவிரி ஓடிக் களைத்து முடிகிற இடத்தில், வேதாரண்யம் போகிற வழியில் கிடக்கிற எங்கள் கீழநல்லான்குடியில், கலெக்டரைவிட லஸ்கருக்குத்தான் மரியாதை. டீக்கடையில் உட்கார்ந்தால் டீ தானாக வரும். தென்னை வெட்டினால் நாலு காய் வீட்டுக்கு வந்துவிடும். எல்லாம் ஒரே ஒரு கேள்விக்காக: "தண்ணி எப்ப வரும்?" அதற்குப் பதில் தெரிந்தவன் ஊரில் நான் ஒருவன்தான்.

நான் சொல்ல வந்தது என் கதையை இல்லை, தமிழ்நிலாவின் கதையை. என்னை விட்டுவிட்டு அதைச் சொல்ல முடியவில்லை, அதுதான் கஷ்டம்.

தமிழ்நிலா தெற்குத் தெரு மருதையனின் மூத்த மகள். மருதையனின் அப்பன் பண்ணையில் வேலை செய்தே செத்தவர். மருதையன் அப்படி இருக்க மாட்டேன் என்று ஒன்றரை ஏக்கர் குத்தகைக்குப் பிடித்துத் தானே நாற்றுவிட்டான். தெற்குத் தெருவில் அப்படிச் செய்த முதல் ஆள் அவன்தான். பின்னால் பதினோரு குடும்பம் அவனைப் பார்த்துக் குத்தகைக்கு இறங்கியது. அவன் மகளுக்கோ கால் தரையில் பாவாது. நடந்து போனாள் என்று யாரும் சொன்னதில்லை, ஓடிப் போனாள் என்றுதான் சொல்வார்கள். பிளஸ் டூ பாஸ் பண்ணினாள். திருத்துறைப்பூண்டிக்கு பஸ்ஸில் போய் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்தாள். அப்புறம் தபாலில் ஒரு டிகிரிக்குச் சேர்ந்தாள். மருதையனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எந்தக் காகிதம் வந்தாலும், எந்த மருந்துச் சீட்டு ஆனாலும், "நிலா, இதுல என்னத்தா போட்டிருக்கு?" என்று மகளிடம்தான் நீட்டுவான். அவள் சொன்னால் அது வேதவாக்கு.

அந்த வருஷங்களில் குறுவைச் சாகுபடி செத்துவிட்டது. ஜூன் மாதம் மேட்டூரைத் திறக்கவில்லை, மூன்று வருஷமாகத் திறக்கவில்லை. வயலில் ஆடு மேய்ந்தது. ஊரில் பாதி வீட்டில் பூட்டுத் தொங்கியது. பிள்ளைகள் திருப்பூர் பனியன் கம்பெனிக்கும், வசதியுள்ளவன் சிங்கப்பூருக்கும் கிளம்பிவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு தொண்டு நிறுவனத்து ஆட்கள் ஜீப்பில் வந்து இறங்கினார்கள். உங்கள் ஊருக்கு ஒரு கம்ப்யூட்டர், ஒரு போன் லைன், ஒரு மைக் செட் தருகிறோம், எல்லாத் தெரு ஜனமும் உள்ளே வந்து போகிற இடமாகக் கொடுங்கள் என்றார்கள். எங்கள் தெரு ஆட்கள் கோயில் மண்டபத்தைக் காட்டினார்கள். ஜீப்காரர்கள் சிரித்துக்கொண்டே முடியாது என்றுவிட்டார்கள். கடைசியில் பஸ் ஸ்டாப்பில் பூட்டிக் கிடந்த தன் உரக்கடையைச் சகாயநாதன் திறந்துவிட்டார். சகாயநாதன் கோயிலுக்கும் மசூதிக்கும் பொதுவாகப் பேசுகிற கிறிஸ்தவ மனுஷன். விவசாயமே இல்லாத ஊரில் உரக்கடை எதற்கு என்றார்.

வேலைக்கு ஆள் எடுக்க டைப் அடிக்கச் சொன்னார்கள். எங்கள் தெருப் பையன்கள் நாலு பேர் போனார்கள். ஒவ்வொரு எழுத்தாகக் கோழி தீவனம் பொறுக்குகிற மாதிரி தேடினார்கள். தமிழ்நிலா உட்கார்ந்தாள், அடித்தாள், எழுந்தாள். வேலை அவளுக்கு.

மறுவாரம் உரக்கடை மேல் கூம்பு ஸ்பீக்கர் ஏறியது. காலை ஆறு மணிக்கு ஒரு தடவை, சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு தடவை. "வணக்கம், கீழநல்லான்குடி தகவல் மையம். இன்று காலை மேட்டூர் அணையின் நீர்மட்டம் எழுபத்தோரு அடி" என்று ஆரம்பிப்பாள். அணைக்கு எத்தனை கன அடி வருகிறது, கல்லணையில் எவ்வளவு விடுகிறார்கள், எல்லாம் வரும். அப்புறம் நாகப்பட்டினம் ஆஸ்பத்திரியில் கண் டாக்டர் எந்தக் கிழமை, தனித்தேர்வுக்கு மனுப் போடக் கடைசி நாள் எது, நெல் என்ன விலை போகிறது. நான் டீக்கடையில் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பேன். வயிறு எரியும்.

ஏன் எரியாது? என்னிடம் தண்ணீர் எப்போது வரும் என்று கேட்க வந்தவன் எல்லாம் ஸ்பீக்கரைப் பார்த்து நின்றான். பெரிய பண்ணைக்காரர்கள் எங்களிடம் விசாரித்துக்கொண்டு, நடவுக்கு நாலு நாள் முன்னால்தான் ஆட்களுக்குச் சொல்லிவிடுவார்கள். வேறு வேலைக்குப் போகவும் வழியில்லாமல் ஜனங்கள் வாசலில் வந்து நிற்கும். இப்போது பதினைந்து நாள் முன்னாலேயே தெற்குத் தெருப் பெண்களுக்குத் தேதி தெரிந்துவிட்டது. திருப்பூரில் இருக்கிறவளுக்கு எஸ்.டி.டி. போட்டு, "இந்த வாரம் வராத, தண்ணி இன்னும் கல்லணையத் தாண்டல" என்கிறார்கள். கூலி பேசும்போது நிமிர்ந்து பேசினார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் வாண்டுகள் எல்லாம் அந்த உரக்கடைக்குள்தான். எங்கள் தெருப் பிள்ளையும் தெற்குத் தெருப் பிள்ளையும் ஒரே ஸ்டூலில் பாதிப் பாதி உட்கார்ந்து கம்ப்யூட்டரில் வண்ணம் அடித்தன. பார்த்துக்கொண்டு வந்த என் வீட்டுக்காரி சும்மா இல்லாமல், "ஒங்க உத்தியோகத்துக்கு அந்தப் பொண்ணு உலை வெச்சுட்டா போலருக்கே" என்றாள்.

தமிழ்நிலாவிடம் எனக்கு இன்னொரு கோபமும் உண்டு. மருதையன் என்னை 'ஐயா' என்பான். அவன் மகள் 'லஸ்கர் சார்' என்றாள். சார் என்பது மரியாதைதானே என்று நீங்கள் கேட்கலாம். அந்த சாரில் குனிவு இல்லை, எனக்குத் தெரியும்.

இதற்கெல்லாம் மேலே என் மகன் நெடுமாறனின் ரிசல்ட். முன்பெல்லாம் பிளஸ் டூ முடிவு பேப்பரில் வரும். பேப்பரை ஒளித்து வைக்கலாம், கிழிக்கலாம், நம்பரைக் காணோம் என்று இரண்டு நாள் இழுக்கலாம். அந்த வருஷம் கம்ப்யூட்டரில் வந்தது. போன் லைன் கீச்சுக்கீச்சென்று கத்தி முடிக்கிற வரைக்கும் ஊரே உரக்கடை வாசலில் நின்றது. என் மகன் முறை வந்தபோது அவள் அவனைப் பக்கத்தில் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னாள்: "கணக்குல போயிடுச்சு தம்பி. செப்டம்பர்ல எழுதலாம், மனு நான் போட்டுத் தரேன்." யாருக்கும் கேட்கவில்லை. நியாயமாகத்தான் நடந்துகொண்டாள். ஆனால் என் மகன் பெயிலானது எனக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்துவிட்டது. அது எனக்குப் பொறுக்கவில்லை. இதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது.

மேட்டூரும் கல்லணையும் கம்ப்யூட்டரில் வந்துவிடும். வாய்க்கால் பிரிகிற மதகில், எங்கள் ரெகுலேட்டரில், எத்தனை அடி நிற்கிறது, எந்த வாய்க்காலுக்கு முறை என்பது கம்ப்யூட்டரில் வராது. கேஜ் என்கிற அந்த அடிக்கணக்கும் முறையும் என்னிடம்தான். அவள் நோட்டும் பேனாவுமாக வந்து நின்றாள்.

"லஸ்கர் சார், டெய்லி கேஜ் மட்டும் சொல்லுங்க. மைக்ல சொல்லிடுறேன்."

"அதெல்லாம் டிபார்ட்மெண்ட் ரகசியம். போ போ."

"ஆத்துத் தண்ணில என்ன சார் ரகசியம்?"

மறுநாளிலிருந்து விடியற்காலை அவளே சைக்கிளில் வந்து, ரெகுலேட்டர் சுவரில் எழுதியிருக்கிற அடிக்கணக்கைக் குனிந்து பார்த்துக் குறித்துக்கொண்டு போனாள். "ஏய், யாரு உன்ன இங்க வரச் சொன்னது?" என்று கத்தினேன். "சுவத்துல எழுதிருக்கு சார், படிக்கத் தெரியும் சார்" என்று சொல்லிக்கொண்டே சைக்கிளை மிதித்துவிட்டாள். நான் கத்தினது காற்றோடு போயிற்று.

அந்த வருஷம் ஆடி கழிந்து ஒருவழியாக மேட்டூரைத் திறந்தார்கள். ஜனங்கள் வெடி போட்டார்கள். ஆற்றின் கடைசியில் கிடக்கிற எங்கள் கடைமடைக்குத் தண்ணீர் வர எப்படியும் இரண்டு வாரம் ஆகும். பெரிய விவசாயிகள் பொறுத்திருப்பார்கள், அவர்களுக்கு இரண்டு தடவை விடுகிற அளவு விதை இருக்கும். தெற்குத் தெருவுக்கு ஒரு தடவைக்குத்தான் விதை. விதைநெல்லை ஊறப்போடுவது விளையாட்டில்லை. ஒரு ராத்திரி ஊறவைத்து, சாக்கில் கட்டி வைத்தால் மறுநாள் முளை விட்டுவிடும். விட்ட முளை திரும்ப உள்ளே போகாது. அன்றைக்கே நாற்றங்காலில் தெளித்தாக வேண்டும், தெளித்தால் தண்ணீர் வேண்டும். எங்கள் ஊரில் போர் போட்டால் உப்புத்தண்ணீர்தான் வரும். ஆகவே எப்போது ஊறப்போடுவது என்பதுதான் அந்தப் பன்னிரண்டு குடும்பத்துக்கும் உயிர்.

தண்ணீர் நெருங்கி வந்த ஒரு நாள் மத்தியானம் டிபார்ட்மெண்டிலிருந்து எனக்குத் தகவல் வந்தது. தண்ணீர் குறைச்சல், முதல் எட்டு நாள் மேலக்கிளை வாய்க்காலுக்கு, பிறகுதான் நம்ம நல்லான் வாய்க்காலுக்கு முறை. எனக்கு மட்டும்தான் தெரியும். சாயங்காலம் ஐந்தரை இருக்கும். பஸ் ஸ்டாப்பில் நின்றேன். தமிழ்நிலா கையில் ஒரு பையோடு ஓட்டமாக வந்தாள்.

"லஸ்கர் சார், நாளைக்கும் நாளான்னிக்கும் நாகப்பட்டினத்துல எனக்குப் பரீட்சை. கேஜ் பாக்க வர முடியாது. நம்ம வாய்க்காலுக்கு நாளான்னிக்குத் தண்ணி வந்துடுமா சார்? எல்லாரும் ஊறப்போட நிக்கிறாங்க."

அவள் முதல் தடவையாக என்னை நம்பிக் கேட்டாள். முதல் தடவையாக அவளுக்குத் தெரியாதது எனக்குத் தெரிந்திருந்தது. திட்டம் போட்டுச் செய்தேன் என்று நினைக்காதீர்கள். சத்தியமாக இல்லை. ஸ்பீக்கர் ஒரு தடவை பொய்யாகட்டுமே என்று ஒரு நினைப்பு மின்னலாக வந்தது. அதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"வரும்" என்றேன்.

"தேங்ஸ் சார்" என்று ஓடினாள்.

ஆறு மணிக்கு ஸ்பீக்கர் பேசியது. "நல்லான் வாய்க்காலுக்கு நாளை மறுநாள் தண்ணீர் வந்து சேரும்." அப்போதுகூட டீக்கடையிலிருந்து எழுந்து போய், "இரும்மா, மாத்திச் சொல்லு" என்று சொல்லியிருக்கலாம். நாற்பது அடி தூரம். நான் ஒரு டீ கேட்டு வாங்கிக் குடித்தேன்.

தெற்குத் தெருவில் அன்றைக்கே பன்னிரண்டு வீட்டிலும் விதையை ஊறப்போட்டார்கள்.

மூன்றாம் நாள் வாய்க்கால் வறண்டு கிடந்தது. சாக்குக்குள் முளை கட்டி நிற்கிறது. இன்றைக்கு வந்துவிடும், சாயங்காலம் வந்துவிடும் என்று தெளித்துவிட்டார்கள். தண்ணீர் வரவில்லை. பெண்கள் ஊர்க் குளத்துச் சேற்றைக் கிண்டிக் குடம் குடமாகச் சுமந்து ஊற்றினார்கள். காளியம்மாள், மருதையன் பெண்சாதி, இடுப்பில் ஒன்று தலையில் ஒன்றாக நாற்பது நடை நடந்தாள் என்று பிறகு சொன்னார்கள். வெயில் யாருக்காகவும் நிற்கவில்லை. நாலாம் நாள் நாற்றங்கால் பூராவும் உமி. கையால் அள்ளி ஊதினால் பறந்தது.

தமிழ்நிலா பரீட்சை முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கும்போது உரக்கடை வாசலில் கூட்டம். என்ன ஏது என்று அவளுக்குப் புரிவதற்குள் ஆளாளுக்குக் கத்தினார்கள். அவள் தெரு ஆட்களே கத்தினார்கள். எங்கள் தெரு ஆட்கள் தள்ளி நின்று சிரித்தார்கள், கம்ப்யூட்டர் பொட்டி சொன்னதைக் கேட்டு விவசாயம் பண்ணினால் இப்படித்தான் என்று. மருதையன் கத்தவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவள் முன்னால் நின்றான்.

"உன்ன நம்பித்தானத்தா ஊறப்போட்டேன்" என்றான். திரும்பி நடந்துவிட்டான்.

நான் சகாயநாதன் கடைத் தூணுக்குப் பின்னால் நின்றேன். இதோ சொல்லப் போகிறாள், லஸ்கர் சொன்னான் என்று சொல்லப் போகிறாள் என்று இன்னும் ஒரு அடி பின்னால் நகர்ந்தேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள், நான் ஒரு சொல்லால் கெட்டேன். அவள் உள்ளே போய் மைக்கைப் போட்டாள். "நான் சொன்ன தகவல் தப்பு. வாய்க்காலுக்கு எப்பத் தண்ணி வரும்னு எனக்குத் தெரியாது. தப்பாச் சொன்னது நான்தான். எல்லாரும் என்ன மன்னிச்சுக்கங்க." அவ்வளவுதான். என் பெயர் வரவில்லை.

மறுநாள் காலை என் பெயர் வரும் என்று காத்திருந்தேன். மேட்டூர் வந்தது, கல்லணை வந்தது, நெல் விலை வந்தது. சாயங்காலம் வரும் என்று காத்திருந்தேன். ஸ்பீக்கர் கரகரத்தாலே டீ கிளாஸைக் கீழே வைத்துவிடுவேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்? ஷட்டர் சாவியை எங்கே வைத்தேன் என்று தேடினால் கையிலேயே இருக்கும். திட்டிவிட்டாலும் பரவாயில்லை, இந்தச் சும்மா இருப்பதைத்தான் தாங்க முடியவில்லை.

மூன்றாம் நாள் அவளே ரெகுலேட்டருக்கு வந்தாள். சைக்கிளை விட்டு இறங்கவில்லை. ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு கேட்டாள்.

"உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? அத மட்டும் சொல்லுங்க."

"தெரியும்" என்றேன். பொய் சொல்லத் தெம்பில்லை.

அவள் முகம் என்னமோ ஆயிற்று. ஆற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"எம் பேர ஏம்மா சொல்லல?" என்றேன்.

"உங்க மேல இரக்கப்பட்டுச் சொல்லலன்னு நெனச்சுடாதீங்க. உங்க பேரச் சொன்னா எங்க தெருப் பசங்க உங்கள ஒதைப்பாங்க. ஒதைச்சா கேஸ் யாரு மேல வரும்? வெத போனது பத்தாதுன்னு ஜெயிலுக்கும் போகணுமா?" சைக்கிளைத் திருப்பினாள். "ஒண்ணு மட்டும் பண்ணுங்க. இனிமே கேஜ நான் சொல்ல மாட்டேன். தெனம் காலைல ஆறு மணிக்கு நீங்களே வந்து உங்க வாயால மைக்ல சொல்லுங்க. தப்பா இருந்தா உங்க குரல்தான்னு ஊருக்குத் தெரியட்டும்."

போய்விட்டாள். அரசாங்க வேலைக்காரன் ஒருவன் உரக்கடையில் போய் மைக் பிடிக்கிறதாவது என்று ஒரு நாள் முறைத்துக்கொண்டு இருந்தேன். இரண்டாம் நாள் போனேன். "ரெகுலேட்டரில் ரெண்டடி ஒரு அங்குலம்" என்று என் குரல் ஊர் முழுக்கக் கேட்டது. டீக்கடையில், "லஸ்கர் ரேடியோ வந்துருச்சுடோய்" என்று கேலி பண்ணினார்கள். நான் சரியாகச் சொன்னேன். அங்குலம் பிசகாமல் சொன்னேன். மேலக்கிளையின் எட்டு நாள் முடிந்து தண்ணீர் வந்தபோதும் நான்தான் சொன்னேன். மற்றவர்கள் அவரவர் வயலில் நாற்றுவிட்டார்கள். தெற்குத் தெருவில் விட விதை இல்லை. ஒவ்வொரு தடவை மைக் முன்னால் நிற்கும்போதும் கேஜுக்குப் பிறகு இன்னொரு வாக்கியம் தொண்டை வரைக்கும் வரும். பக்கத்தில் தமிழ்நிலா நிற்பாள், என்னைப் பார்க்கவே மாட்டாள். மைக்கை அணைத்துவிட்டு இறங்கிவிடுவேன்.

புரட்டாசியில் மருதையன் குத்தகையைத் திரும்பக் கொடுத்துவிட்டான். குடும்பத்தோடு திருப்பூருக்குப் போகப் போகிறான் என்று சேதி. மகளையும் கூட்டிக்கொண்டுதான். "நிலா டிகிரி பாக்கி இருக்குல்ல, பொண்ண மட்டுமாவது விட்டுட்டுப் போய்யா, எங்க வீட்டுல இருக்கட்டும்" என்று சகாயநாதன் கேட்டுப் பார்த்தார். மருதையன், "படிச்சது போதுங்க" என்றானாம். முன்பெல்லாம் அவள் படிப்பைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் விடிய விடியப் பேசுவான். சகாயநாதனின் மகள் பிரின்ஸி அப்போதுதான் கல்லூரி முடித்திருந்தாள். தகவல் மையம் அவள் கைக்குப் போனது.

அவர்கள் கிளம்பிய அன்று ஆறேகாலுக்குப் பஸ். பஸ் ஸ்டாப்பில் மூட்டை முடிச்சோடு நின்றார்கள். மருதையன், காளியம்மாள், சின்னது இரண்டு, தமிழ்நிலா. நான் உரக்கடைக்குள் போனேன். ஜன்னல் வழியாக ஐந்து பேர் தலையும் தெரிந்தது. இன்றைக்கு விட்டால் என்றைக்கும் இல்லை என்று தோன்றியது. பிரின்ஸி மைக்கைத் தள்ளினாள். கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

"தெற்குத் தெரு ஜனங்களே, மருதையா. அன்னைக்குத் தண்ணி வரும்னு நிலாகிட்டப் பொய் சொன்னது நான்தான். லஸ்கர் துரைராசு. தெரிஞ்சேதான் சொன்னேன். நிலா மேல தப்பு இல்ல."

கண்ணைத் திறந்தேன். வெளியே யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. காளியம்மாள் மூட்டையை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"கரண்ட் போயிருச்சு அங்கிள்" என்றாள் பிரின்ஸி. அவள் முகம் வெளுத்திருந்தது. "நீங்க பேச ஆரம்பிச்சப்பவே போயிருச்சு. பேட்டரியும் வீக்கா இருக்கு."

நின்றேன். இரண்டு நிமிஷம் இருக்குமா? மேலே ஸ்பீக்கர் கொர்ரென்றது. மைக்கில் சிவப்பு விளக்கு எரிந்தது. பஸ் இன்னும் வரவில்லை. பிரின்ஸி என்னையே பார்த்தாள்.

"ரெகுலேட்டரில் மூணடி ரெண்டு அங்குலம்" என்றேன். மைக்கை அணைத்தேன். பஸ் வந்தது, ஏறினார்கள், போயிற்று.

பிரின்ஸி ஒருத்தரிடமும் மூச்சு விடவில்லை. கல்யாணமாகிக் குவைத் போகிற வரைக்கும் என்னைக் கண்டால் மட்டும் தலையைக் குனிந்துகொள்வாள்.

அதற்கப்புறம் காலம் ஓடிய வேகம்தான் உங்களுக்குத் தெரியுமே. எல்லார் கையிலும் போன் வந்தது. தகவல் மையத்தை மூடினார்கள், சகாயநாதன் மறுபடி உரம் விற்றார். நெடுமாறன் செப்டம்பரில் எழுதிப் பாஸ் பண்ணி, சிங்கப்பூர் போய், வீடியோவில் பேரப்பிள்ளையைக் காட்டுகிறான். அந்த செப்டம்பர் பரீட்சைக்கு மனுப் போட்டுக் கொடுத்தது தமிழ்நிலாதான். நான் ரிட்டையர் ஆனேன். ஊர்ப் பெயரில் வாட்ஸ்அப் குரூப் ஒன்று இருக்கிறது. இருநூறு பேருக்கு மேல், எல்லாத் தெரு ஆட்களும். மேட்டூர் நீர்மட்டம் காலையில் பல் விளக்குவதற்குள் பத்துப் பேர் போட்டுவிடுகிறார்கள். தமிழ்நிலாவும் அதில் இருக்கிறாள். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி ஆபீசில் கம்ப்யூட்டரில் ஆர்டர் பார்க்கிறாளாம். புருஷன், இரண்டு பிள்ளைகள். டிகிரி முடிக்கவில்லை, கடைசி வருஷப் பரீட்சை எழுதவே இல்லை. அவள் பெயருக்குப் பக்கத்தில் பச்சைச் சேலையில் ஒரு படம். குரூப்பில் பேசுகிற பொத்தானில் மைக் படம்தான் போட்டிருக்கிறார்கள். எத்தனையோ தடவை அதன் மேல் விரலை வைத்து எடுத்திருக்கிறேன்.

போன தை மாதம் குரூப்பில் மருதையன் படம் வந்தது. மாலை போட்ட படம். உடம்பை ஊருக்குக் கொண்டு வருகிறார்கள் என்று போட்டிருந்தது. கும்பிடுகிற கை நூற்றுக்கணக்கில் கீழே வரிசையாக வந்து விழுந்தது. நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சட்டையைப் போட்டேன். என் வீட்டுக்காரி, "எங்க?" என்றாள். "தெற்குத் தெருவுக்கு" என்றேன். முப்பத்தோரு வருஷத்தில் அந்தத் தெருவுக்குள் நான் கால் வைத்ததே இல்லை. அவர்கள்தான் வாய்க்கால் கரைக்கு வருவார்கள்.

பந்தலில் கூட்டம். ஐஸ் பெட்டிக்குள் மருதையன். சுருங்கிப் போயிருந்தான். தலைமாட்டில் காளியம்மாள் அடித்துக்கொண்டு அழுதாள். தமிழ்நிலா வாசல் பக்கம் வந்தாள். காதோரம் நரைத்திருந்தது. நடையில் அந்தப் பழைய ஓட்டம் இல்லை. என்னைத் தெரிந்துகொண்டாள்.

"வாங்க லஸ்கர் சார்."

"நிலா, நான் சொல்லிடுறேம்மா. எல்லாரும் இருக்காங்க. இப்பவே சொல்லிடுறேன்."

அவள் கோபப்படவில்லை. களைப்பாகச் சிரித்த மாதிரி இருந்தது.

"யாருகிட்ட சார்? கேக்க வேண்டியவரு படுத்துட்டாரு." பந்தல் கம்பைப் பிடித்துக்கொண்டாள். "நீங்கதான்னு ஒரு தடவ அப்பாகிட்டச் சொன்னேன். திருப்பூர் போன புதுசுல. அடுத்தவன் மேல பழி போடாதன்னுட்டாரு. அதுக்கப்புறம் ஒரு சீட்டு எங்கிட்ட நீட்டல சார். பஸ் போர்டு, ஆஸ்பத்திரிக் காயிதம், எதுவா இருந்தாலும் ரோட்டுல போறவங்ககிட்டக் கொடுத்துப் படிக்கச் சொல்லுவாரு. நான் பக்கத்துலதான் நிப்பேன். கடைசியா ஐ.சி.யூ.ல கண்ணு முழிச்சவரு, மணி என்னன்னு நர்ஸைக் கேட்டாரு. நான் கையப் புடிச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கேன்."

அவளைத் தாண்டிப் போனேன். கூட்டம் வழிவிட்டது. பெட்டியின் கண்ணாடியில் கையை வைத்துக் குனிந்தேன். மெதுவாகத்தான் பேச நினைத்தேன், ஸ்பீக்கருக்குப் பேசிப் பழகின குரல், பந்தல் முழுக்கக் கேட்டது.

"மருதையா, அன்னைக்குத் தண்ணி வரும்னு சொன்னது நான்தான்டா. தெரிஞ்சே பொய் சொன்னேன். உன் பொண்ணு பொய் சொல்லலடா."

ஒப்பாரி நின்றுவிட்டது. காளியம்மாள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். என்னை ஐயா என்று கூப்பிட்டே பழகினவள்.

"அந்த மனுசன் உசுரோட இருக்கையில ஒன் வாயி எங்கடா போயிருந்துச்சு?" என்றாள்.

தமிழ்நிலா வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். என்னைப் போகச் சொல்லவும் இல்லை, இருக்கச் சொல்லவும் இல்லை. காளியம்மாள் மகளின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, பெட்டியைப் பார்த்து, "கேட்டியாய்யா? நம்ம நிலா இல்லையாம்யா" என்று மறுபடி அழ ஆரம்பித்தாள். நான் கண்ணாடியிலிருந்து கையை எடுக்காமல் நின்றுகொண்டிருந்தேன்.